கையுறையோடு போட்ட கசற்

ஜனவரி 4, 2009. ஞாயிறு. பிரெடெரிசியா

பல்கனியில் வீடியோ கமராவை வைத்துச் சோதித்தேன். மைனஸ் ஒன்பது. கலியாண மண்டபத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் பற்றரி பதினேழாம் நிமிடம் செத்துவிட்டது. கக்கத்தில் வைத்துச் சூடு காட்டினேன். இன்னும் பத்து நிமிடம் ஓடியது. ஆக, சண்டையை நிறுத்தச் சொல்லிச் சனிக்கிழமை கொப்பன்ஹேகனில் நடக்கும் ஊர்வலத்துக்கு எல்லாப் பற்றரியும் என் நெஞ்சோடு ஒட்டித்தான் வரவேண்டும்.

குளிரைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பன்னிரண்டு வருடமாகக் குளிரறையில் நின்று உறைந்த இறைச்சிப் பெட்டி அடுக்குகிறேன். கமராவைக் கெடுப்பது குளிர் அல்ல, அதற்குப் பிறகு வரும் சூடு. அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தால் உள்ளுக்குள் வியர்த்துவிடும். வெளியிலேயே பொலித்தீன் பையில் போட்டு, இறுக்கிக் கட்டி, குளிர் விட்ட பிறகுதான் திறக்கவேண்டும். இதையெல்லாம் ரஞ்சிக்கு விளக்கினேன்.

"ஊர்வலத்துக்குப் போறியளோ, இமயமலை ஏறப் போறியளோ?" என்றாள். சிரித்தாள் என்று எழுத ஆசை. சிரிக்கவில்லை. கிளிநொச்சி விழுந்து இரண்டு நாள். அவளுடைய தம்பி துஷ்யந்தன் புதுக்குடியிருப்பில் இருக்கிறான். ஒக்டோபரில் கடைசியாக ரெலிபோன் எடுத்தான். நான் வேலையில் நின்றேன், அவள்தான் கதைத்தாள். என்ன சொன்னான் என்று கேட்டால், "சும்மா" என்கிறாள்.

ஜனவரி 9. வெள்ளி

ரஞ்சி தம்பி துஷியின் வீடியோ கசற்றைப் போட்டுப் பார்த்தாள். 2004இல், சண்டை நின்றிருந்த காலத்தில் ஊருக்குப் போனபோது நான் எடுத்தது. நாற்பது நிமிடம். அவன் நடமாடுவதும் கதைப்பதும் எங்களிடம் அதில் மட்டும்தான் இருக்கிறது. தொடங்கும்போதே கமராவுக்குக் கிட்ட வந்து, "அத்தான், ஓடுதோ?" என்பான். பிறகு, "ரஞ்சியக்கா, நீங்கள் மெலிஞ்சு போனியளாம், அத்தான் சொல்லுறார்" என்று பகிடி பண்ணுவான். ரஞ்சி ஒவ்வொரு முறையும் ரிவிக்குப் பதில் சொல்லுவாள். மகள் லக்சனா டெனிஷில் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். பதின்மூன்று வயதுக்கு இதைப் பார்க்கப் பொறுமை இல்லை. அல்லது தாங்கவில்லை.

கசற்றில் இன்னும் இருபது நிமிடம் காலி. "மிச்சத்தில என்ர கலியாணத்தை எடுங்கோ அத்தான்" என்றிருந்தான். அதனால்தான் மேலே வேறு படம் பதிந்து அழியாமல் பூட்டும், கசற்றின் அந்தச் சின்னத் தட்டை நான் தள்ளவில்லை.

எங்களை ஊர்வலத்துக்குக் கூட்டிப்போகும் கந்தையா அண்ணையின் மருமகன் கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறான். கசற்றை டிவிடிக்கு மாற்றிக் கொடுப்பான். நாளைக்கு ஊர்வலத்தில் கொடுக்கச் சொல்லி ரஞ்சி கசற்றை முதலுக்குச் சுற்றி என் கையில் தந்தாள். "கவனமப்பா" என்றாள்.

எனக்குப் போய்ச் சொல்கிறாள்.

ஜனவரி 10. சனி

போய் வந்தோம். மைனஸ் பதினான்கு, அதோடு கடற்காற்று. விரல் இன்னும் மடங்கவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 11. ஞாயிறு

காலையில் கந்தையா அண்ணையின் மருமகன் ரெலிபோன் எடுத்தான்.

"அண்ணை, நீங்கள் தந்த கசற் வெறுங் கசற். ஒண்டுமில்லை அதில."

ரஞ்சி பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "ஓம், ஓம், பிறகு கதைக்கிறன்" என்று வைத்தேன். மேசைக்குக் கீழே கமரா இன்னும் பொலித்தீன் பையில், நான் கட்டிய முடிச்சோடு இருந்தது. நிலவறைக்குக் கொண்டுபோய் அவிழ்த்தேன். கமரா ஒரு சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. உள்ளே இருந்தது துஷியின் கசற்.

எப்படி? எப்படியென்று எனக்குத் தெரியும். தடித்த கையுறையோடு கசற் பெட்டியைத் திறக்க முடியாது என்று, வீட்டிலேயே ஊர்வலத்துக்கென்று வாங்கிய புதுக் கசற், துஷியின் கசற் இரண்டையும் பெட்டியை விட்டு எடுத்து, குளிரில் விறைக்காமல் இருக்க ஒரே உட்சட்டைப் பைக்குள் போட்டேன். குளிர் தெரிந்த மனுசன்! ஊர்வலம் தொடங்கிய சதுக்கத்தில் என் மூச்சே மூக்குக்கண்ணாடியில் பனியாகப் படிந்துவிட்டது. சனம் கத்தத் தொடங்கிவிட்டது. தடவி ஒன்றை எடுத்துப் போட்டேன். மற்றதை மருமகனிடம் கொடுத்தேன். இரண்டும் ஒரே கறுப்பு. ரஞ்சியின் எழுத்தில் "துஷி" என்று ஒட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்கேல்லை. பார்த்திருக்கலாமே, ஒரு நிமிசம் கண்ணாடியைத் துடைச்சிருக்கலாமே!

பதினான்காம் நிமிடம் பற்றரி செத்தது. மற்றதை மாற்ற விரல் மடங்கவில்லை. குளிரைத் தூசணத்தால் திட்டினேன். கந்தையா அண்ணை, "விடும், வந்து கோப்பி குடியும்" என்று இழுத்துக்கொண்டு போனார்.

நான் திட்டிய அந்தக் குளிர்தான் மிச்ச இருபத்தாறு நிமிடத்தையும் காப்பாற்றியிருக்கிறது.

ஜனவரி 13. செவ்வாய்

"குடுத்தாச்சோ?" என்று கேட்டாள். "ஓம். அவன்ர மெசின் பழுதாம், கொஞ்சம் செல்லும்" என்றேன். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. மருமகனிடமும் பேசி, வாயைப் பொத்தி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 29. வியாழன்

குளிரறையில் தனியாக நின்றேன். மைனஸ் இருபத்திரண்டு. பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால், "அத்தான், ஓடுதோ?" என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். குளிரூட்டும் விசிறிதான். விசிறி என்று தெரிந்தும் அடுக்குக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன்.

பெப்ரவரி 15. ஞாயிறு

ரஞ்சி தேவாலய மண்டபத்துப் பூசைக்குப் போன நேரம் நிலவறையில் கசற்றைப் போட்டேன். முதல் பதினான்கு நிமிடமும் ஊர்வலம். பதாகைகள், முக்காடுகள், வாயிலிருந்து புகையாக வரும் மூச்சு. முன்வரிசையில் ரஞ்சி. இமையில் பனி. கத்துவதற்கு வாய் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. நான் அவள் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து நெடுநேரம் வைத்திருக்கிறேன். நல்ல படம் என்று அப்போது நினைத்திருப்பேன். தம்பி நின்ற இடத்தில் அக்காவை நிற்பாட்டியிருக்கிறேன்.

பிறகு படம் வெட்டி இழுத்து, துஷி ஒரு சொல்லின் நடுவில் நிற்கிறான். "...பு அத்தான், கிணத்துத் தண்ணி." என்ன சொன்னான், உப்பு என்றா? அதன் பிறகு முழுக்க ஆட்டுக்குட்டியோடும் அயலவரோடும் கதைக்கிறான். அக்கா என்று ஒரு தரமும் கூப்பிடவில்லை. கூப்பிட்டதெல்லாம் அழிந்துபோன அந்தப் பதினான்கு நிமிடத்தில்.

மார்ச் 8. ஞாயிறு

"நானே ஒருக்கா அந்தப் பொடியனோட கதைக்கட்டோ?" என்று கேட்டாள். வேண்டாம் என்று கத்திவிட்டேன். ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஏப்ரல் 20. திங்கள்

இணையத்தில் வன்னிச் சனத்தின் படங்கள் வருகின்றன. ரஞ்சி ஒவ்வொன்றையும் பெரிதாக்கி முகம் தேடுகிறாள். அவளுக்குப் பின்னால் நின்று நானும் தேடுகிறேன். அவனுடைய முகம் எனக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை. வருவதெல்லாம் ஊர்வலம்.

மே 18. திங்கள்

சண்டை முடிந்துவிட்டதாம். வேலைத்தலத்தில் எல்லாரும் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள்.

மே 24. ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன்.

அவள் கேட்டதால் சொன்னேன். "மெசின் பழுதெண்டாலும் பரவாயில்லை, கசற்றை வாங்கித் தாங்கோ. எனக்கு அவனைப் பார்க்க வேணும்" என்றாள். நிலவறையிலிருந்து எடுத்துவந்து மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உட்சட்டைப் பை, கண்ணாடி, பதினான்கு நிமிடம், நாலு மாதப் பொய். நான் அழுதேன். அவள் அழவில்லை.

"போடுங்கோ" என்றாள்.

தன் முகத்தைத் தானே பதினான்கு நிமிடம் பார்த்தாள். துஷி வந்ததும் கொஞ்சம் முன்னுக்குக் குனிந்தாள். கசற் முடிந்து திரை நீலமான பிறகும் எழும்பவில்லை. திட்டு, அடி, தூக்கி எறி என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

"பரவாயில்லை. விடுங்கோ."

அவ்வளவுதான். போய் உலை வைத்தாள். ஏன் திட்டவில்லை? சட்டியொன்று அடிப்பிடித்தால் ஒரு கிழமை முகம் தூக்குகிறவள். என்னை மன்னிக்கிற முகமும் இல்லை அது.

ஜூன் 14. ஞாயிறு

காணாமல்போனவர்களைத் தேடித்தரச் சொல்லி அனுப்பும் படிவம் வந்தது. முகாம்களில் இருந்து வந்த எந்தப் பட்டியலிலும் துஷியின் பெயர் இல்லை. படிவம் டெனிஷில். லக்சனா எழுதினாள், நாங்கள் இருவரும் பக்கத்தில் இருந்து சொன்னோம். பெயர், பிறந்த திகதி, உயரம். படத்துக்குக் கசற்றில் ஓர் இடத்தில் நிறுத்தி, கண்ணுக்கு மேலே கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு அவன் நிற்பதை எடுத்தோம்.

கடைசியாக எப்போது, என்ன பேசினீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது.

"ஒக்டோபர்" என்று நான் தொடங்கினேன். ரஞ்சி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவன் கேட்டவன், அக்கா நான் வவுனியாப் பக்கம் வெளிக்கிடட்டோ, இப்ப பாதை இருக்கு எண்டு. நான்தான் வேண்டாம் எண்டனான். வீட்டை விட்டிட்டு எங்கயும் போகாதை, இருடா, இஞ்ச எல்லாரும் சொல்லினம் கெதியில சரிவரும் எண்டு. அப்பிடிச் சொன்னனான். சரியக்கா எண்டு போனை வைச்சவன்."

இதற்குத்தான் அவள் என்னைத் திட்டவில்லை. எந்த வாயால் திட்டுவாள்?

இஞ்ச எல்லாரும் சொல்லினமாம். யார் எல்லாரும்? கந்தையா அண்ணை சொன்னார், வானொலி சொன்னது. ஆனால் ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல், "கெதியில சரிவரும், பார்" என்று இந்த வீட்டுக்குள் சொன்னது நான்தான். அவள் என் பக்கம் திரும்பவில்லை. என் பெயரைச் சொல்லவும் இல்லை.

லக்சனா பேனையை வைத்துவிட்டாள். "அம்மா, இதை எழுதத்தான் வேணுமோ?" என்றாள். தமிழில் கேட்டாள்.

"எழுது" என்றாள் ரஞ்சி.

"ரெண்டு பேரும் சொன்னது எண்டு எழுது" என்றேன் நான்.

லக்சனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.