மாற்று வண்டி வரும்வரை

டிசம்பர் 20

வந்து சேர்ந்தாகிவிட்டது. படகில் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்தேன். தம்பி சிரித்துக்கொண்டே இருந்தான், படுபாவி. கிறிஸ்துமஸ் லீவு முழுக்க இந்தத் தீவில்தான். இரண்டு அறை, முன்னால் நீள வராந்தா, பின்னால் மழைத்தண்ணீர்த் தொட்டி. நானும் இவரும், தம்பி, அவன் பெண்டாட்டி, மகள் என எங்கள் ஐந்து பேரைத் தவிர ஆள் நடமாட்டமே கிடையாது. படகுக்காரர் அவ்வப்போது சாமான் கொண்டுவருவார். படகுத்துறையின் நுனியில் போய் நின்றால் மட்டும் போன் எடுக்கும்.

"உனக்குத் தண்ணின்னாலே பயமாச்சே, எப்படிக்கா ஒத்துக்கிட்டே?" என்று தம்பி கேட்டான்.

தீவைச் சுற்றி ஒரே பாதை, எந்தப் பக்கம் நடந்தாலும் வீட்டுக்கே வந்து சேரும் என்று அவன்தான் சொல்லியிருந்தான். அதற்காகத்தான் ஒத்துக்கொண்டேன். இங்கே இவர் தொலைந்துபோக முடியாது. இதை அவனிடம் எப்படிச் சொல்வது?

டிசம்பர் 21

எழுதியாவது வைக்கிறேன், நெஞ்சு வெடித்துவிடும்போல இருக்கிறது.

பஸ் ஓட்டியே தலை நரைத்த மனிதர். போன மாதம், தினமும் போகிற தடத்தில், வண்டி நிறைய ஆளோடு, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நாற்சந்தியில் நின்றுவிட்டார். கண்டக்டர் நல்ல மனிதர், இன்ஜின் கோளாறு என்று சமாளித்துவிட்டார். டாக்டர் சமாளிக்கவில்லை. மறதி நோய், இனி கூடத்தான் கூடும் என்றார்.

"லீவு முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே. திரும்பிப் போனதும் நானே டிப்போவுல சொல்லிடறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் கேட்டு வாங்கிய வாக்கு இது ஒன்றுதான்.

டிசம்பர் 22

தம்பி மகள், ஐந்து வயது, பெயருக்கேற்ற வாலு. இல்லை, வாலு என்பது நாங்கள் வைத்த பெயர்தான், அவளுக்குப் பொருந்திவிட்டது. வராந்தாவில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு மாமனும் மருமகளும் பஸ் விளையாட்டு. அவள் கண்டக்டர். ஒருநாள் கண்டக்டருக்கு இருக்கிற அதிகாரம் முழுக்க என் மேல்தான். படியில் நிற்காதே, உள்ளே போ என்று விரட்டுகிறாள்.

"மாமா, பஸ் ரிப்பேர் ஆயிடுச்சுன்னா?"

"மாத்து வண்டி வரும். அது வர்ற வரைக்கும் ஒருத்தரையும் நடுவழியில இறக்கிவிடக் கூடாது."

தடுமாறாமல் சொன்னார். சாப்பிட்டோமா இல்லையா என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்.

டிசம்பர் 23

மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். ரெடிமேட் கடையில் தையல் வேலை பார்க்கிற கை சும்மா இருக்குமா? இவருடைய சட்டைக் காலர் ஒவ்வொன்றின் உள்பக்கமும் என் போன் நம்பரைத் தைத்து வைத்திருக்கிறேன். துணி காயப்போடும்போது தம்பி பெண்டாட்டி பார்த்துவிட்டாள்.

"என்னக்கா இது, ஸ்கூல் பையனுக்கு மாதிரி?"

"லாண்டரில மாறிப்போகுதும்மா."

நம்பிவிட்டாள். போனே எடுக்காத தீவில் போன் நம்பர். என் புத்திசாலித்தனத்தைக் கொண்டுபோய்க் கடலில்தான் போட வேண்டும்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். படகுக்காரர் காய்கறியும் கேக்கும் கொண்டுவந்தார். போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"முழு நிலா வருதும்மா. தண்ணி ரொம்ப தூரம் உள்ள போகும். அதோ, அந்தத் திட்டு வரைக்கும் மணல்லயே நடந்து போகலாம். ஆனா திரும்ப ஏறும்போது சொல்லிக்கிட்டு ஏறாது."

ஒரே பாதை என்றுதானே வந்தேன்? எல்லோரும் கேக் சாப்பிட்டார்கள். என் துண்டை வாலுவுக்குக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 26

கடல் உள்ளே போயிருக்கிறது. மணல் வெள்ளையாக, ரோடு போட்டதுபோல, திட்டு வரைக்கும் நீண்டு கிடக்கிறது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "புது ரூட்டா?" என்று கேட்டார்.

நாள் முழுக்க அவர் பின்னாலேயே சுற்றினேன். "அண்ணனை விட்டு நகர மாட்டேங்கறீங்களேக்கா, புதுசா கல்யாணம் ஆன மாதிரி" என்று தம்பி பெண்டாட்டி கேலி செய்தாள். நானும் சிரித்துவைத்தேன். சொல்லிவிடலாமா? வாக்குக் கொடுத்திருக்கிறேனே. இன்னும் ஒரு வாரம்தானே?

டிசம்பர் 27

காணோம்.

குளிக்கப் போனேன். குளிக்கத்தான் போனேன். வந்து பார்த்தால் இவரைக் காணோம், வாலுவையும் காணோம். "தூக்கம் வந்துச்சுக்கா, மாமாகூடப் போய் விளையாடுன்னு அனுப்பினேன்" என்கிறாள் தம்பி பெண்டாட்டி. அவள்மேல் என்ன தப்பு? நான் சொல்லலையே.

தீவைச் சுற்றி வந்துட்டோம். இல்லை. மணல் பாதை இருந்த இடத்துல தண்ணி. சுழிச்சு ஓடுது. தம்பி இறங்கினான், இடுப்புக்கு மேல வந்ததும் இழுத்துது, நான்தான் கத்திக் கூப்பிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" — அவ்வளவுதான் கேட்டான். அவன் பெண்டாட்டி என்னைப் பார்க்கவே இல்லை.

படகுக்காரருக்குப் போன் போயிருக்கு. வரணும். எழுதாம இருக்க முடியலை. அஞ்சு வயசுப் புள்ளை. கடவுளே, அந்தப் புள்ளையை மட்டும்.

டிசம்பர் 28

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வெளிச்சம் போவதற்குள் படகு வந்தது. எல்லோரும் ஏறினோம். திட்டின் மேட்டில் ஒரு தென்னை விழுந்து கிடந்தது. அதன்மேல் முன்னால் இவர், பின்னால் வாலு. தன் சட்டையைக் கழற்றி, அவள் இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்து முடிந்திருந்தார். தண்ணீர் அவர் காலடி வரைக்கும் வந்து நின்றிருந்தது.

"அம்மா, பஸ் ரிப்பேர்!" என்று வாலு கத்தினாள். "நான் வீட்டுக்குப் போறேன்னு இறங்கினேன், மாமா திட்டிட்டாரு. மாத்து வண்டி வர்ற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாதாம்."

இவர் எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. படகுக்காரரைத்தான் பார்த்தார்.

"ஏம்ப்பா இவ்வளவு லேட்டு? வண்டியில குழந்தை இருக்குன்னு தெரியாதா?"

"தப்புதாங்க" என்றார் அந்த மனிதர். அவர் காலில் விழலாம்போல இருந்தது எனக்கு.

டிசம்பர் 29

தம்பி அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. உள்ளே வாலு அழுகிற சத்தம். மாமாவிடம் போகணுமாம்.

டிசம்பர் 30

நடந்தது எதுவும் இவருக்கு ஞாபகமில்லை. பயம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் சாப்பாட்டு மேஜையில், எல்லோர் முன்னாலும், "ஒரு பாப்பாவை நடுவழியில இறக்கி விட்டுட்டேனா?" என்று கேட்டார். ஐந்து நிமிஷம் கழித்து அதையே மறுபடியும் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி பெண்டாட்டி சொன்னாள். "இல்லைண்ணா. பத்திரமா வெச்சிருந்தீங்க." சொல்லிவிட்டு எழுந்து போய் வாலு இருந்த அறைக் கதவைத் திறந்துவிட்டாள். பிறகு பின்பக்கம் போய்த் தொட்டியடியில் நின்று அழுதாள். நானும் போனேன். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள். கோபம் போகவில்லை. போகவும் வேண்டாம்.

ஜனவரி 2

ஊர் திரும்புகிற படகு. டிப்போவுக்குத் தம்பியும் கூட வருகிறேன் என்றிருக்கிறான். வாலுவை இவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அவள் அம்மா இந்தப் பக்கம் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

சாமான்களை எண்ணிவிட்டு நான் கடைசியாக ஏறினேன். இவர் எழுந்து எனக்கு இடம் விட்டார். என் முகத்தை நன்றாகப் பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார்.

"நீங்க எங்கம்மா இறங்கணும்?"

இவ்வளவு நாளும் எதற்குப் பயந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. வாலு என்னைப் பார்த்தாள். அவள் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"கடைசி ஸ்டாப்புங்க" என்றேன்.

"அப்ப நிதானமா உக்காருங்க. கொண்டுபோய் விட்டுடறேன்."

உட்கார்ந்தேன்.