கீழை முற்றத்தில் ஒரு கைத் தண்ணீர்

மழை பொய்யாத மருதவன நாட்டை ஆளும் எழிலிமாதேவி, கூடற்குன்றக் கோட்டைத் தலைவரும் எந்தை காலத்துப் படைவீரருமான சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. உம் வாயில்கள் உறுதியாக நிற்கட்டும். உம் குடிகளின் குடங்கள் நிறைந்திருக்கட்டும்.

இன்று நீர் காக்கும் கோட்டையை அன்று எந்தை வென்ற கதையை யாம் எழுதி வருவதை அறிவீர். இளவரசன் முடிசூடும் நாளில் அது அவையில் படிக்கப்பட வேண்டும். பிழையின்றி எழுத விரும்பி, முற்றுகையின்போது உள்ளிருந்தோர் எதை உண்டனர், வாயிற்கதவு எம்மரத்தால் ஆனது, காற்று எத்திசையில் வீசியது என்றெல்லாம் உம்மைக் கேட்டோம். வரகுக் கஞ்சி என்றீர். வேங்கை மரம் என்றீர். புகை எம் படையின் முகத்தில் அடித்தது என்றீர். எல்லாம் நன்று. ஒரு விடை மட்டும் பொருந்தவில்லை.

உம் ஊரிலிருந்து வந்து எம் அரண்மனையில் பணிபுரியும் செய்யாள், குடத்தோடு இங்குள்ள கீழை முற்றத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கைத் தண்ணீரைத் தரையில் விடுவாள். ஏன் என்று கேட்டால், "கை பழகிப்போச்சு தாயே" என்று சிரிப்பாள். அழகாக இருக்கிறதே என்று அதைக் கதையில் சேர்த்தோம். உம் ஊர்ப் பெண்கள் அவ்வாறு செய்வது எதனால் என்று உமக்கு எழுதினோம். அப்படியொரு வழக்கமே இங்கில்லை என்று மறுமொழி விடுத்தீர்.

அதைக் கொண்டுவந்த தூதன் கீரன் வேறு சொன்னான். உம் கோட்டையின் கீழை முற்றத்தில் கல் பாவிய இடம் ஒன்று உண்டாம். குடம் சுமந்து போகும் பெண்கள் ஒவ்வொருவரும் அங்கே நின்று ஒரு கைத் தண்ணீர் விட்டுப் போகிறார்களாம். கோடையிலும் அக்கல் காயவில்லையாம். அவன் ஒருத்தியை வினவ, அவள் ஏற இறங்கப் பார்த்து, "உள்ளே இருக்கிறவங்களுக்குத் தாகம் எடுக்காதா? அரண்மனை ஆளுக்கு அதுகூடவா தெரியாது?" என்றாளாம்.

செய்யாளை மறுபடி அழைத்தோம். இம்முறை அவள் சிரிக்கவில்லை. கல்லுக்குக் கீழே வற்றிய கிணறு என்றாள். உயிருக்குத் தீங்கில்லை என்ற எந்தையின் வாக்கை நம்பிக் கதவைத் திறந்தவர்கள் அதில் இருக்கிறார்கள் என்றாள். தன் தாயின் தமக்கையும் இருக்கிறாள் என்றாள். கல் பாவும்போது அவர்கள் தண்ணீர் கேட்டார்களாம்.

கதவு திறக்கும் இடத்தில் எம் எழுத்து நின்றுவிட்டது. எழுதும்போது அருகில் வைக்கும் செம்பில் தண்ணீர் குறைகிறது. யாம் குடிப்பதில்லை. செய்யாள் பார்க்கிறாள், மறுபடி நிரப்புகிறாள்.

நீர் பொய் எழுதியது எந்தையின் பெயரைக் காக்க என்று அறிவோம். அதற்காக உம்மைத் தண்டிக்கவில்லை. அன்று அம்முற்றத்தில் நீரும் நின்றீரா என்று கேட்கவும் மாட்டோம்.

ஆணை: இவ்வோலை கண்டதும் கல்லைப் பெயர்க்க. கடப்பாரை படுமுன் உம் கையால் தண்ணீர் விடுக. எலும்புகளை எடுத்து அவரவர் குடியிடம் ஒப்படைக்க. யார் யார் என்று ஊர்ப் பெண்கள் சொல்வர். அவர்களை மறுத்துப் பேசற்க. அது முடியும்வரை முடிசூட்டும் இல்லை, கதையும் இல்லை.

இதற்கு எந்தையின் முத்திரையையே இட்டோம். கிணற்றை மூடச் சொன்ன ஓலையிலும் இதுவே இருந்திருக்கும். அன்று இதற்குக் கீழ்ப்படிந்தோர் இருந்தனர். இன்று நீர் கீழ்ப்படிக.