துரை உட்காரும் பக்கம்

இன்று காலையிலிருந்து மழை. அடுப்படிக் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உங்கள் காரின் அந்த ஸ்பிரிங்கை எடுத்து முட்டுக் கொடுத்தேன். துருவும் பழைய கிரீஸும் கலந்த வாடை கையில் ஒட்டிக்கொண்டது. நீங்கள் சோற்றுக்கு உட்காரும்போது உங்கள் மேல் அடித்த அதே வாடை.

தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர் நீங்கள். நாம் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரை உங்கள் கையாலேயே கட்டினீர்கள். மலை வளைவில் சாயக்கூடாது என்று ஸ்பிரிங், ஷாக் அப்சோபர் எல்லாவற்றுக்கும் சொந்த அளவு. அந்த அளவுக்குத்தான் நான். கொழுந்துக் கூடையை இறக்கியதும் கூப்பிடுவீர்கள். ஓட்டுகிறவர் இடத்தில் உங்கள் எடைக்கு அரிசி மூட்டை, பக்கத்து இருக்கையில் நான்.

"அசையாத புள்ள. நீ அசைஞ்சா அளவு மாறும்."

மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்ப்பீர்கள். பிறகு கழற்றுவீர்கள், அறுப்பீர்கள், மறுபடி மாட்டுவீர்கள். எனக்குக் கால் மரத்துப்போகும். "முடிஞ்சதும் உன்னைத்தான் முதல்ல தானா ராத்தா டவுனுக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக உட்கார்ந்திருந்தேன்.

கார் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் சேலை கட்டி, பூ வைத்து, காரில் ஏறியும் விட்டேன். லயமே வெளியே வந்து பார்த்தது. அப்போதுதான் எஸ்டேட் மேனேஜர் துரை அந்த வழியாக நடந்து வந்தார். காரைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். நீங்கள் என் பக்கம் குனிந்து, "துரை ஆசைப்படுறாரு. கொஞ்சம் இறங்குலா" என்றீர்கள்.

இறங்கினேன்.

"என்னக்கா, உன்னை விட்டுட்டுப் போகுது கார்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"பிரேக் பிடிக்குதான்னு தெரியல. போனா துரையோட போகட்டும்னு விட்டுட்டேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

துரை கனத்த ஆள். முதல் வளைவிலேயே காரின் இடப்பக்கம் தரையில் உரசிவிட்டது. திரும்பி வந்து என்னிடம்தான் எரிந்து விழுந்தீர்கள். "உன் எடைக்கு வெச்சதால வந்த வினை!" மறுநாளே இடப்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றி, தடித்ததாக ஒன்றை மாட்டினீர்கள். என் அளவில் செய்ததை அடுப்படியில் போட்டு, "இந்தா, கதவுக்கு முட்டுக் கொடு" என்றீர்கள்.

துரை அதற்குப் பிறகு ஏறவே இல்லை. வேறு எஸ்டேட்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அப்புறம் என்னைக் கூப்பிட்டீர்கள். "துரை வரட்டும்" என்றேன். நீங்கள் கண்ணை மூடும்வரை அதையேதான் சொன்னேன்.

போன வாரம் கம்போங் ராஜாவிலிருந்து ஒருவர் காரை வாங்க வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏன் பாட்டி, இடப்பக்கம் தூக்கிட்டு நிக்குது?"

"அது துரை உட்கார்ற பக்கம்."

கதவடியில் இருந்த ஸ்பிரிங் அவர் கண்ணில் பட்டது. "இது இந்தக் காருக்குச் செஞ்சதுதானே? இதை மாட்டினா நேரா நிக்கும். கொடுத்திடுங்க பாட்டி."

"அது கதவோடது" என்றேன்.

கார் சாய்ந்தபடியே மலை இறங்கிப் போனது. வாசலில் நின்று, கண்ணை விட்டு மறையும்வரை பார்த்தேன்.

நேற்று பேத்தி தன் புதுக் காரில் என்னைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நல்ல பிள்ளை, நன்றாக ஓட்டுகிறாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். "ஏன் பாட்டி, சிலை மாதிரி இருக்கீங்க? சாஞ்சு உக்காருங்களேன்."

சாய முடியவில்லை. எந்த வண்டியில் ஏறினாலும், இன்னும் நீங்கள் கீழே குனிந்து அளவு பார்ப்பதுபோல, அசையாமல்தான் உட்காருகிறேன்.