முதல் டம்ளர் பால்

அன்பு மகன் எமெட்டுக்கு,

கோடியாக் தீவில் மீன் அறுக்கும் உன் விரல்கள் பத்தும் பத்தாகவே இருக்கட்டும் என்ற வேண்டுதலோடு அம்மா எழுதுவது. இங்கே நானும் நாயும் சுகம். வெள்ளிக்கிழமை நான் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன். ‘கர்ட், உன் பேத்தியின் கையிலிருக்கும் பாலை வாங்கிக் கீழே ஊற்று’ என்று நான் சொல்லவில்லை. தொண்டைவரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படி.

ஏப்ரல் பிறந்தும் பனி விட்டபாடில்லை. உன் மாமா வேட் உறைந்த ஏரிமேல் போட்ட மீன்பிடிக் குடிசையை இந்த வருஷமும் நேரத்துக்குக் கரைக்கு இழுக்காமல் விட்டு, அது பாதி மூழ்கிக் கிடக்கிறது. “உள்ள இருந்த பீரைக் காப்பாத்திட்டேன்க்கா, அது போதும்” என்கிறான். அவனைத் திருத்துவதை நான் விட்டு நாளாயிற்று. பால் ஆலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். புது இயந்திர வரிசை வருகிறது, பராமரிப்பு வேலைக்கு உன்னை எடுத்துக்கொள்வதாக மேலாளர் கர்ட் சொல்கிறான் என்று நான்தான் உனக்கு எழுதினேன், நீயும் ஜூனில் வந்துவிடுகிறேன் என்றாய். அந்தப் புது வரிசையின் லட்சணத்தைக் கேள். புதிதாக ஒன்றும் வாங்கவில்லை, பால் காய்ச்சும் பழைய ஹீட் எக்ஸ்சேஞ்சரையே பெரிதாக்கினார்கள். மெல்லிய எஃகுத் தகடுகளைச் சீட்டுக்கட்டுப்போல் அடுக்கி நெருக்கியிருக்குமே, அதுதான். தகட்டுக்கு ஒரு பக்கம் பச்சைப் பால் ஓடும், மறு பக்கம் காய்ச்சிய பால் ஓடும், நடுவே சூடு மட்டும்தான் கடக்கலாம், ஒரு சொட்டுப் பால் கடக்கக் கூடாது. மூடிப்போன ஓர் ஆலையிலிருந்து பழைய தகடுகளை வாங்கிவந்து அந்த அடுக்கில் செருகினார்கள். வந்து இறங்கிய அன்று ஒன்றின் ரப்பர் விளிம்பை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். அடியில் பச்சையும் கறுப்புமாக அழுக்கு, இழுத்தால் சளிபோல் நூல் விட்டது. என் சாண்ட்விச்சை அன்று நாய்தான் தின்றது. பிறகு கழுவினார்கள், இல்லை என்று சொல்லவில்லை, நம் வீட்டுக்கு விருந்து வந்தால் வேட் பாத்திரம் கழுவுவானே, அப்படி.

ஏற்கெனவே இருந்த தகடும் வாங்கிவந்த தகடும் ஒத்துப்போகாமல் ஓரத்தில் கசிந்தது. அடுக்கை எந்த அளவுக்கு இறுக்கலாம் என்று இயந்திரத்தின் சட்டத்திலேயே பொறித்திருக்கிறது. கசிந்தால் பிரித்துப் பார்ப்பதுதான் முறை, ஆனால் நம் ஆலையில் கசிந்தால் இன்னொரு சுற்று முறுக்குவதுதான் வழக்கம். இயந்திரத்தை ஓட்டும் ஜோலீன் ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகித் தொங்கினாள். “நில்லுடி கிழவி, எல்லாரும் பாக்கறப்போவா மூக்கு ஒழுகுவே?” என்று இயந்திரத்தைத் திட்டிக்கொண்டே குறித்த அளவையும் தாண்டி முறுக்கினாள். வெளியே கசிவு நின்றது. உள்ளே தகடும் தகடும் முட்டி நசுங்கி, பச்சைப் பாலின் கிருமி காய்ச்சிய பாலில் கலந்தால் எவருக்குத் தெரியும்? தகட்டில் ஓட்டை இருக்கிறதா என்று சாயம் விட்டுப் பார்த்துவிடலாம் என்று கர்ட்டிடம் போனேன். “புத்தகம் படிக்கிறவங்களோட இதான் ரோதனை டனா, சாப்பாட்டு நேரத்துலகூட எதையாவது கண்டுபிடிச்சுட்டு வந்துடறீங்க. செவ்வாய்க்கிழமை அரசாங்க ஆளு வர்றாரு, அவரு பாத்துக்குவாரு. வெள்ளிக்கிழமை நம்ம வீட்டு விசேஷம் மாதிரி, கெடுத்துடாதே” என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “எமெட்டுக்கு லாக்கர்கூட ஒதுக்கி வச்சுட்டேன்” என்றான். என் வாயை அடைக்க உன்னை எடுத்துத் திணித்தான். அந்த ரப்பருக்கு அடியில் கண்டதுகூட எனக்கு அவ்வளவு குமட்டவில்லை.

புது வரிசையில் பால் ருசி பார்க்கும் நான் முதல் டம்ளரைக் குடித்துத் தலையசைத்த பிறகுதான் மற்றவர்கள் குடிப்பார்கள் என்பது இங்கே வழக்கமல்லவா. வெள்ளிக்கிழமை திறப்பு விழாவில் சிவப்பு நாடா, போல்கா பாட்டு, பொரித்த சீஸ், முதலாளி குடும்பம் முழுவதும், எல்லோர் கையிலும் பால் நிரம்பிய காகிதக் கோப்பை. முன்வரிசையில் கர்ட்டின் பேத்தி, கோப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கர்ட் மைக்கில், “நம்ம டனா நாக்கு பொய் சொல்லாது!” என்றான், எல்லோரும் சிரித்தார்கள். பால் வெள்ளை வெளேரென்று நல்ல வாசனையோடுதான் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. பேசினால் பதில் பேசுவான், பேச்சில் அவனை யாரும் ஜெயித்ததில்லை. டம்ளரைத் தரையிலிருந்த வடிகாலில் கவிழ்த்துவிட்டு மேஜைமேல் குப்புற வைத்தேன். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஜோலீன் என்னைப் பார்த்தாள், இயந்திரத்தைப் பார்த்தாள், பிறகு குனிந்து அந்தக் குழந்தையிடம், “இது வேணாம்டா தங்கம், வா, ஐஸ்க்ரீம் தர்றேன்” என்று கோப்பையை வாங்கி அதே வடிகாலில் ஊற்றினாள். அதன் பிறகு ஒருவரும் குடிக்கவில்லை. கர்ட் என் காதருகே வந்து, “இதைச் செய்யறதுக்கு முன்னாடி உன் பையனை ஒரு வார்த்தை கேட்டியா?” என்றான்.

கேட்கவில்லைதான். பதினெட்டு வயதில் உன்னைப் பெற்றவள், நாம் இருவரும் ஒன்றாகத்தான் வளர்ந்தோம், அதனால் உன்னிடம் மறைத்துப் பேச வராது. நீ திரும்பி வர வேண்டும் என்று உன்னைவிட நான்தான் தவித்தேன். உன் அறை ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டிவிட்டேன், அது இருக்கட்டும். கோபம் வந்தால் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. ஈரக் காலுறையோடு தூங்காதே, கத்தி தீட்டும்போது எவனோடும் வம்பளக்காதே. கடல் உன்னிடம் சாதுவாக இருக்கட்டும், நீ தொட்டது துலங்கட்டும். பூட்ஸ் அளவை மறக்காமல் எழுது.

என்றும் உன் நினைவாக,
அம்மா டனா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமல் செவ்வாய்வரை வைத்திருந்தேன். அரசாங்க ஆள் அடுக்கைப் பிரிக்கச் சொன்னார். ஒரு பக்கம் தடவிய சாயம் பல தகடுகளில் மறுபக்கம் சிவப்பாகத் தெரிந்தது. வாங்கி வந்த தகடுகளெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. கர்ட் வேலையில் இருக்கிறான். உனக்கென்று சொன்ன இடத்துக்கு நேற்று வேறொரு பையனை எடுத்துவிட்டார்கள்.