பொழுது சாய்ந்த பின் ஒரு மாத்திரை

திருவண்ணாமலை
18-12-1981

அன்புள்ள தன்யகுமாருக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமா என்று வழக்கம்போல ஒரு வரி எழுதிவிட்டு மேலே போக இம்முறை முடியவில்லை, எனக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். உன் கடிதம் காலையில் கிடைத்தது. பள்ளிக்கூடம் போகிற வழியிலேயே தபாலாபீசில் தந்தி கொடுத்துவிட்டேன், மாத்திரையை நிறுத்தாதே, உடனே டாக்டரைப் பார் என்று. காரணம் சொல்லத் தந்தியில் இடமில்லை.

இங்கே தீபக் கூட்டம் கலைந்துவிட்டது, தெருக்குழாயில் இன்னமும் கலங்கல்தான், காய்ச்சித்தான் குடிக்கிறேன். ஊரில் மல்லாட்டை பிடுங்கியாயிற்று, மழையில் பாதிக் கடலை செடியிலேயே முளைத்துப் போனதாம். போன ஞாயிறு உன் அப்பா போய் ஒரு வருஷம் ஆனதற்கு தர்மதேவி அத்தை ஜினர் கோயிலில் பூசை வைத்தாள். கடைசிவரை விரதம் கெடாமல் போன மனுஷன் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். நான் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நாளில் உன் கடிதம், அதிலும் அதே பேச்சு. அப்பா நினைவாக நீயும் பொழுது சாய்ந்தால் வாயில் தண்ணீர்கூட விடுவதில்லை, நெஞ்சுச்சளிக் காய்ச்சலுக்கு டாக்டர் எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாகப் பத்து நாளைக்குக் கொடுத்த மாத்திரையையும் பகலிலேயே மூன்றாகப் போட்டு முடிக்கிறாய், ஐந்தாம் நாளே காய்ச்சல் விட்டது, மிச்சத்தை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கலாமா என்று கேட்கிறாய். பெருமையோடு எழுதியிருக்கிறாய். அந்தப் பெருமைக்கு நானும் காரணம், உன்னிடம் பாதிதான் சொன்னேன்.

அப்பா டைஃபாய்டில் போனார் என்று சொன்னேன், அது பொய்யில்லை. டாக்டர் சக்கரபாணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மணி பாத்துக் குடுங்கம்மா, ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு, பதினாலு நாள், காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக் கூடாதுன்னு சொன்னார். கார்த்திகையில் பொழுது எப்போது சாயும் என்று உனக்கே தெரியும். காலை ஆறு, பத்து, இரண்டு, ஐந்து என்று உன் அப்பா தாமே நேரம் வைத்துக்கொண்டார். நாலுன்னா நாலு சரியாப் போச்சா இல்லையா என்றார். எண்ணிக்கை சரிதான். மருந்துக்கு எண்ணத் தெரியாது, ரத்தத்தில் இருக்கும் வரைதான் அது வேலை செய்யும், ஐந்து மணிக்குப் பிறகு விடியும்வரை கிருமிக்கு அவர் உடம்பில் கேட்பாரில்லை. இரண்டாம் நாள் ராத்திரி எட்டு மணிக்கு நான் மாத்திரையும் டம்ளருமாகப் போய் நின்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். படிச்ச திமிரா உனக்கு, அவன் விரதத்தக் கெடுத்துத்தான் பொழைக்க வைக்கணுமா என்றாள் அத்தை. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ரசாயனம் படித்தவள், வருஷம் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், வீட்டில் வாயை மூடிக்கொண்டேன். நோயாளிக்கு விலக்கு உண்டா என்று மடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவரக்கூட எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது, மறுநாள் சதுர்த்தசி உபவாசம், அதோடு மாத்திரையும் நின்றது. பத்து நாளில் காய்ச்சல் திரும்பி வந்து குடலில் ஓட்டை விழுந்து வேலூருக்குக் காரில் போகும்போதே முடிந்துவிட்டது. இதைத்தான் விரதம் கெடாமல் போனார் என்கிறார்கள்.

நீ செய்ய வேண்டியது இதுதான். டாக்டரிடம் போய் எந்த எந்த நேரத்தில் போட்டாய் என்று மறைக்காமல் சொல். விட்டதை ஈடுகட்ட இரண்டாகச் சேர்த்துப் போடாதே. சின்ன வயதில் பெனிசிலின் ஊசி போட்டு உனக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கியது, உனக்கு நினைவிருக்காது, அதை முதலில் சொல். உன் அறைக்காரப் பையனுக்கும் இருமல் என்று எழுதியிருக்கிறாய், உன் மாத்திரையை அவனுக்குக் கொடுத்துவிடாதே, அவன் நோய் வேறாக இருக்கலாம்.

ஒருவர் வினையை இன்னொருவர் ஏற்க முடியாது என்று நம் நூல்கள் சொல்கின்றன. அதில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்பது உனக்குத் தெரியும். இருட்டிய பிறகு நீ மாத்திரை விழுங்குவது பாவமானால் அது என்னைச் சேரட்டும். அலாரம் வைத்துக்கொள். தண்ணீர் நிறையக் குடி.

நீ நெடுநாள் இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. உடம்பு தேறியதும் இரண்டு வரி கார்டு போடு. விரதம் எப்படி இருக்கிறது என்று எழுதாதே, நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது.

உன் அம்மா,
பத்மினி