அனுமதியில்லாத பளபளப்பு

வாசலில் லாரி ஹாரன் அலறியது. பழக்கடைக்காரர் அவசர அவசரமாக மகளுக்குச் சீட்டு எழுதினார்.

"கண்ணு, சாப்பாடு மூடி வச்சிருக்கேன். கிளம்பும்போது சாவியை எதிர்வீட்டு அத்தைகிட்ட கொடுத்துடு. கடைக்கு உணவுத்துறை நோட்டீஸ் வந்ததும் நேத்து நான் தாம்தூம்னு குதிச்சேன், நீ சாப்பிடாமலே படுத்துட்டே. உங்க ஆய்வகத்துக்குச் சோதனைக்கு வர்ற பழத்துல நம்பர்தான் இருக்கும், கடைப் பேர் இருக்காதுன்னு அப்புறம்தான் புரிஞ்சது. நம்ம ஆப்பிள்னு தெரியாமத்தான் ரிப்போர்ட்ல 'அனுமதியில்லாத மெழுகு'ன்னு எழுதிட்டே. சரக்கு மொத்தத்தையும் வாங்கின மண்டியிலேயே திருப்பிக் கொடுக்கப் போறேன்."

அடியில் நுணுக்கிச் சேர்த்தார்: "மேசைமேல இருக்கிறது மெழுகு பூசாத பழம். தைரியமா கடி."

லாரியில் ஏறியதும் டிரைவர் சீண்டினார்: "பெத்த பொண்ணே கடைக்கு ஆப்பு வச்சிட்டாளாமே, முதலாளி? பாவம், தெரியாம எழுதியிருப்பா."

"தெரிஞ்சிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பா. என் பொண்ணுய்யா அவ!"