எட்டாயிரத்தில் தொடங்கிய கேமரா

சலாபா
ஜனவரி 7, 2013

அன்புள்ள எவேலியோ,

நலமா? இங்கே ஒரே பனிமூட்டம். துணி காயவே மாட்டேன் என்கிறது.

நேற்று மூன்று அரசர் திருநாள் ரொட்டியை வெட்டினோம். உள்ளே ஒளித்துவைத்த பொம்மை என் துண்டில்தான். ஆக, வழக்கப்படி பிப்ரவரி இரண்டாம் தேதி, சோள மடலில் மாவை வைத்து அவிக்கும் தமாலே விருந்து என் தலையில். தங்கை நொயெமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நல்லா மாட்டுனியா அக்கா! மாவு பிசைய உன் புருஷனக் கூப்பிடு. சும்மாதானே இருக்காரு" என்றாள்.

விருந்தன்று காலை எனக்குப் படம் எடுக்கும் முதல் வேலையும் இருக்கிறது. குழந்தை இயேசு பொம்மைக்கு உடை உடுத்திக் கோயிலுக்குத் தூக்கிவரும் குடும்பங்களை வாசலில் நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். கேமராதான் இல்லை. லென்ஸ் மாற்றுகிற வகை வேண்டும். ஆறாயிரம் பெசோவை நொயெமியின் கணவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அதற்குப் புதியது வராது. நல்ல பழையதாகப் பார்த்து வாங்கு.

ஏன் உன்னிடம் கேட்கிறேன் என்று யோசிப்பாய். அச்சக வேலை போனதை மறைத்து, மாதக்கணக்கில் சாப்பாடு கட்டிக்கொண்டு பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தாய். அதை ரொட்டிக்கடையில் வேறொருத்தி வாயால் கேட்டேன். இந்த ஒரு காரியத்தை மறைக்காமல் செய். பிறகு விருந்துக்கு வா. வந்தால் இருந்துவிடலாம்.

போன் வேண்டாம். போனில் நாம் கத்துகிறோம். இதுபோலவே பேருந்துப் பார்சலில் கடிதம் அனுப்பு.

கிரிசெல்தா


மெக்சிகோ நகரம்
ஜனவரி 13

என் கிரிசெல்தா,

உன் கடைசி வரிகளைப் பலமுறை படித்தேன். நன்றி என்று எழுதினால் சிறியதாக இருக்கிறது.

எனக்குக் கேமரா பற்றி ஒன்றும் தெரியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். தொன்செலெஸ் தெரு முழுக்கக் கேமராக் கடைகள். முதல் கடைக்காரர், "எவ்ளோ தம்பி வச்சிருக்க?" என்றார். சொன்னேன். "அதுக்குப் பை வரும். கேமராவ நீ தனியா கொண்டு வரணும்."

மாடியில் பழுது பார்க்கும் பெண் ஒருத்தி பொறுமையாகப் பேசினாள். "மெகாபிக்சலப் பாக்காதீங்க, அது அட்டைப்பெட்டியில பெருசா அச்சடிக்கறதுக்குத்தான். பாடி பழைய மாடலா இருந்தாப் போதும். லென்ஸ் சுத்தமா இருக்கணும். ஷட்டர் எத்தன தடவ அடிச்சிருக்குன்னு பாருங்க. பழைய கார் வாங்கும்போது கிலோமீட்டர் பாப்பீங்கல்ல?"

இன்று ஒன்றைப் பார்த்தேன். மலிவு. லென்ஸுக்குள் கைவிளக்கு அடித்தால் சிலந்தி வலைபோலப் பூஞ்சை. உன் ஊர் ஈரத்தில் அது காடாகிவிடும். வேண்டாம் என்றேன்.

அன்புடன்
எவேலியோ


மெக்சிகோ நகரம்
ஜனவரி 18

என் கிரிசெல்தா,

கேமரா இத்துடன் வருகிறது. பேருந்துப் பார்சலில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். கையில் பிடித்துப் பார். உன் கைக்குச் சரியான எடை.

விற்றவர் பல் டாக்டர். மெட்ரோ நிலையத்தில் சந்தித்தோம். வெளியே வந்தால் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதால் அவர் தடுப்புக் கம்பிக்கு உள்ளேயே நின்றார். நான் வெளியே. கம்பிக்கு மேலேயே எல்லாம் கைமாறியது.

"ரெண்டு கல்யாணம், ஒரு கடற்கரை. ஐநூறு படம்கூட எடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

"அப்புறம் ஏன் டாக்டர் விக்கிறீங்க?"

"வீட்டம்மா கிண்டல் தாங்கல. எல்லாரும் வாயத் தொறந்துட்டு நிக்கற மாதிரியே எடுக்கறேனாம்."

நாலைந்து படம் எடுத்துச் சோதித்த பிறகுதான் பணம் கொடுத்தேன். படம் பதிகிற மெமரி கார்டு மட்டும் நீ புதிதாக வாங்கிக்கொள்.

இரண்டாம் தேதிக்கு டிக்கெட் எடுக்கட்டுமா?

எவேலியோ


சலாபா
ஜனவரி 22

எவேலியோவுக்கு,

கேமரா வந்தது. புதுக் கார்டு போட்டேன். ஜன்னலில் இருந்த பூனையை எடுத்தேன். என் முதல் படம்.

அதன் எண் 8214.

ஐநூறுகூட இல்லை என்று எழுதினாய். ரெண்டு கல்யாணம், ஒரு கடற்கரை. சிரிப்பு வரும்படி எழுதினாய். பூங்கா நாட்களிலும் அப்படித்தான். சாயங்காலம் வந்து அச்சகத்தில் யார் யாரைத் திட்டினார்கள் என்று நடித்துக் காட்டுவாய். நானும் சிரிப்பேன்.

தேய்ந்த கேமராவை மலிவாக வாங்கிவிட்டு, ஒரு பல் டாக்டரைக் கற்பனை செய்தாயா? அப்படி ஒருவர் இருக்கிறாரா?

டிக்கெட் எடுக்காதே.

கிரிசெல்தா


மெக்சிகோ நகரம்
ஜனவரி 25

கிரிசெல்தா,

அந்த எண் கேமராவின் வயது அல்ல. மெட்ரோவில் சோதிக்கும்போது ஒரு பழைய கார்டைப் போட்டேன். அதில் ஏற்கெனவே எட்டாயிரத்துச் சொச்சம் வரை எண் போட்ட படங்கள் இருந்தன. கேமரா அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மேலே எண்ணுகிறது. கார்டை மாற்றினாலும் அப்படித்தான். இது எனக்கும் தெரியாது. உன் கடிதத்தோடு மாடிக்கு ஓடிப்போய்க் கேட்டேன். அந்தப் பெண், "உங்க வீட்டம்மா நல்ல போலீஸ்" என்றாள்.

மெனுவில் எண்ணை மறுபடி தொடங்கச் சொல். ஒன்றிலிருந்து வரும். அதையும் நம்ப வேண்டாம். உன் ஊரில் யாரிடமாவது கொடுத்துக் கணினியில் இணைத்து ஷட்டர் கணக்கைப் பார்க்கச் சொல்.

பல் டாக்டர் இருக்கிறார். குட்டையானவர்.

எவேலியோ


சலாபா
ஜனவரி 28

அன்புள்ள எவேலியோ,

பார்த்தாயிற்று. ஐநூறுக்கும் கீழே. "சும்மா கெடந்த கேமராம்மா இது, அதிர்ஷ்டம் உங்களுக்கு" என்று ஸ்டூடியோக்காரர் சொன்னார். நான் அவசரப்பட்டேன். மன்னித்துவிடு.

படங்கள் நன்றாக வருகின்றன. பூனையின் மீசைகூடத் தனித்தனியாக.

ஒன்று கேட்க வேண்டும். உனக்குக் கேமரா பற்றி ஒன்றும் தெரியாது. உன்னிடம் கேமரா இருந்ததும் இல்லை. அவ்வளவு படம் எடுத்த கார்டு உன் பையில் எப்படி வந்தது? யாருடையது?

சும்மா கேட்கிறேன்.

கிரிசெல்தா


மெக்சிகோ நகரம்
ஜனவரி 30

கிரிசெல்தா,

ஒரே வரியில் சொல்லிவிடலாம். நீ நம்புவாய். பிறகு அந்த வரியைப் புரட்டிப் பார்ப்பாய். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கும்.

பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது பொய் சொன்னேன். அதற்கு நீ என்னை வெளியே அனுப்பியது நியாயம். இந்த முறை பொய் சொல்லவில்லை. நீயே சோதித்துப் பார்த்துவிட்டாய். சோதித்த பிறகும் அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க என்னால் முடியாது.

இதற்குப் பதில் எழுதமாட்டேன். பதில் இல்லாமலே "வா" என்று எழுது. முதல் பேருந்தில் ஏறுகிறேன். முடியாதென்றால், விருந்து நன்றாக நடக்கட்டும்.

எவேலியோ


சலாபா
ஜனவரி 31

என் எவேலியோ,

வா.

சோள மடல் ஊறப் போட்டிருக்கிறேன். மாவில் சேர்க்கக் கொழுப்பும் வாங்கிவிட்டேன். எத்தனை பேருக்கு என்று நொயெமி கேட்டாள். உன்னையும் சேர்த்துச் சொன்னேன். கிண்டல் செய்யாமல் இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள். அவளுக்கு அது பெரிய விஷயம்.

நீ எழுதியது சரி. விளக்கம் எதுவும் வேண்டாம். கதவு திறந்திருக்கும்.

கிரிசெல்தா

உறையை ஒட்டிப் பேருந்து நிலையம் வரை வந்துவிட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டே பேர். உறையைப் பிரித்து, கவுன்ட்டர் ஓரமாக நின்று இதை எழுதுகிறேன்.

வா. ஆனால் இதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டு வா.

அந்தக் கார்டு யாருடையது?